ஹவாய்க்குப் போகிறோம், உள்ளூர் மீனில் நல்ல சுஷி போடும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அஸ்தம்பட்டி (கேள்வி)

வணக்கம். புரட்டாசி பிறந்ததும் ஆறு நாள் ஹோனலுலு போகிறோம். வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு மாநாடு இருக்கிறது. கூடவே நான், 12 வயது மகள், மாமியார். தங்குவது வைகீகி கடற்கரைப் பக்கம்.

மகளுக்குச் சுஷி என்றால் உயிர். வினிகர் கலந்த சாதத்தோடு மீனோ காயோ முட்டையோ வைத்துச் செய்கிற ஜப்பானியப் பலகாரம் அது. சேலத்தில் வீட்டிலேயே வெள்ளரிக்காயும் முட்டையும் வைத்துச் சுருட்டித் தருவேன். மீன் வைத்த சுஷியை அவள் ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டிருக்கிறாள். அந்த அனுபவத்தால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தீவுக்குப் போயிருந்தோம். போனில் 'அருகில் சிறந்த சுஷி' என்று தேடி, முதலில் வந்த கடைக்கே போனோம். நட்சத்திரம் நிறைய, படங்கள் அழகு. தட்டு வந்ததும் தொட்டுப் பார்த்தேன், சாதம் ஐஸ் மாதிரி இருந்தது. கடித்தால் உள்ளே குருணை போல நெறுநெறுவென்று இருக்கிறது. சால்மன் துண்டிலிருந்து தண்ணீர் கசிந்து தட்டில் தேங்கியிருந்தது. எல்லாவற்றின் மேலும் மயோனைஸ். நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆனது. பிள்ளை இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டு, "நீ செய்றதே போதும்மா" என்றாள். சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் இப்படியா என்று மனசு விட்டுப் போனது.

அங்கே தப்பு எங்கே நடந்தது? இந்தத் தடவை எப்படித் தேட வேண்டும்? இன்னொன்று, அத்தை புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொட மாட்டார். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

குகை

வெளியூரில் பிள்ளைக்குப் பச்சை மீன் கொடுக்க வேண்டாம் அம்மணி. வயிற்றுக்கு ஏதாவது ஆனால் அங்கே யாரைத் தேடுவீர்கள்? சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள். பெரியவர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகலூர், ஏற்காடு

அக்கா, நான் 14 வருஷம் பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். பசிபிக் பக்கம் ஓடும்போது ஹோனலுலுவில் அடிக்கடி நிற்போம். சுஷி மேடையில், அதாவது சாப்பிடுகிறவர் முன்னாலேயே சுஷி செய்து தரும் இடத்தில், ஒரு ஜப்பானியப் பெரியவரிடம் நான்கு வருஷம் உதவியாள். இப்போது மலையில் மிளகும் காப்பியும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தத் தட்டு கண்ணில் தெரிந்தது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாதம். அதை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். வெந்த அரிசி குளிரில் இருந்தால் அதன் மாவுச்சத்து மறுபடி இறுகிப்போகும். நம் வீட்டுப் பழைய சாதத்தை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் விறைத்து நிற்கிறதே, அதேதான். நல்ல சுஷிக்குச் சாதம் கைச்சூட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் என்னை முதல் எட்டு மாதம் மீன் பக்கமே விடவில்லை. அரிசி கழுவுவது, வடிப்பது, வினிகர் கலப்பது, விசிறுவது, அவ்வளவுதான். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரே ஒரு தட்டு சொல்லுங்கள். சாதம் ஜில்லென்று இருந்தால் பணம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மீனைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது, சால்மன். வெப்பக்கடலில் சால்மன் கிடையாது. அது குளிர்நீர் மீன். உலகம் முழுக்கச் சுஷிக்குப் போவது பெரும்பாலும் நார்வே போன்ற இடங்களில் பண்ணையில் வளர்த்தது. ஜப்பானிலேயே சால்மனைச் சுஷியில் வைக்கும் பழக்கம் 1980களில் நார்வேக்காரர்கள் கொண்டுபோய் விற்ற பிறகுதான் பரவியது. சேலத்துக்கு வந்தவர் தட்டுவடை செட்டை விட்டுவிட்டு வேறு ஊர்ப் பலகாரம் கேட்ட கதைதான், தீவில் போய்ச் சால்மன் கேட்பது. தண்ணீர் கசிந்தது என்றால், உறைந்த மீனை அவசரமாக உருக்கியிருக்கிறார்கள்.

ஹவாயில் நீங்கள் கேட்க வேண்டிய பெயர் அஹி. நம் சூரை வகைதான், ஆனால் பெரிய ஜாதி. பெரிய கண் சூரை, மஞ்சள் துடுப்புச் சூரை இரண்டுக்கும் அங்கே அஹி என்றே பெயர். நீங்கள் போகிற காலத்தில் இரண்டும் வரும். நைராகி என்று ஒரு மர்லின் மீன், ஓனோ, ஓபா இவற்றையும் பலகையில் பார்த்தால் தைரியமாகக் கேளுங்கள்.

இந்த மீன் வருகிற வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹோனலுலுவில் பியர் 38 என்ற படகுத்துறையில் மீன் ஏலம் நடக்கிறது. 1952இல் தொடங்கிய ஏலம். ஞாயிறு தவிர எல்லா நாளும் விடியற்காலையில். மூட்டையாக, கூடையாக விற்பதில்லை, பெரிய மீன்களைத் தனித்தனியாக ஏலம் விடுவார்கள். வால் பக்கம் வெட்டி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் அந்தச் சதைத் துணுக்கை விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, கொழுப்பும் நிறமும் பார்த்து விலை சொல்வார். நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. நல்ல சுஷிக்காரர் எவரும் இன்றைய மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார். கேள்வி இதுதான்: "இன்று உள்ளூர் மீன் எது?" 'எல்லாமே நல்லா இருக்கும்' என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

இடம் கேட்டீர்கள். வைகீகி கடற்கரைச் சாலையை விட்டு வெளியே வாருங்கள். மிருகக்காட்சிச்சாலை ஓரமாகத் தொடங்குகிற கபஹுலு சாலை நடக்கிற தூரம்தான். அதற்கு மேலே கைமுகி, இன்னொரு பக்கம் கிங் தெரு, மோயிலியிலி. அங்கே குடியிருப்பவர்கள் சாப்பிடுகிற பகுதிகள் இவை. ஜப்பானியர்கள் 1868இலேயே அங்கே கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள், 1885க்குப் பிறகு ஆயிரக்கணக்கில். ஐந்தாறு தலைமுறை நாக்கு இருக்கிறது. சாதம் சரியில்லாத கடை அந்தத் தெருக்களில் ரொம்ப நாள் நிற்காது.

செவ்வாய்ப்பேட்டை

குகை ஐயா சொன்ன பயம் நியாயமானது, மருந்துக்கடையில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பச்சை மீனில் புழு ஒரு ஆபத்து. அதற்காகத்தான் அமெரிக்காவின் உணவு விதியில் பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள், அல்லது மைனஸ் 35இல் உறைய வைத்து 15 மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். அஹி மாதிரிச் சூரை வகைகளுக்கு விலக்கு உண்டு, அவற்றில் அந்தப் புழு ஆபத்து மிகக் குறைவு.

சூரையில் வேறொரு விஷயம் இருக்கிறது. குளிர் தவறினால் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொந்தரவு தரும் பொருள் சேரும். சமைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு மாதிரி சுரீரென்று இருந்தால் உடனே துப்பிவிடச் சொல்லுங்கள். முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பார்சல் வாங்கிக் கடற்கரை வெயிலில் பையோடு வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் பச்சை மீன் வேண்டாம் என்பதையும் படிக்கிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சூரமங்கலம்

அக்கா, மனோவாவில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்தேன். மாணவக் காசில் சாப்பிட்டவள் என்பதால் விலை பற்றிச் சொல்கிறேன்.

சமையல்காரர் கையில் விட்டுவிட்டு உட்காரும் ஓமகாசே என்றால் தலைக்கு நூறு டாலருக்கு மேல் எளிதாகப் போகும், முன்பதிவும் வேண்டும். பிள்ளையோடு அது வேண்டாம். பெல்ட்டில் தட்டு சுற்றி வருகிற கடைகளில் தட்டு நிறத்தை வைத்து விலை. குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லோடு வரியும், 15 முதல் 20 சதவீதம் டிப்பும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

போக்கே என்று ஒன்று இருக்கிறது, அஹியைக் கட்டம் கட்டமாக வெட்டி சோயா சாஸும் எள்ளெண்ணெயும் கடற்பாசியும் போட்டுப் பிசறியது. ஃபுட்லேண்ட் சூப்பர்மார்க்கெட்டில் எடை போட்டுத் தருவார்கள், சாதத்தோடும் கிடைக்கும். சீட்டைப் படியுங்கள். ஒன்றில் 'புதியது' என்றும் பக்கத்திலேயே 'முன்பு உறைய வைத்தது' என்றும் இருக்கும், விலை வித்தியாசப்படும். உறைந்து வருகிற சூரையில் பல நேரம் நிறம் மாறாமல் இருக்க கார்பன் மோனாக்சைடு ஏற்றியிருப்பார்கள், தர்பூசணி மாதிரி பளீரென்று இருக்கும். சிவப்பாக இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அத்தைக்குக் கோன் சுஷி! ஹவாயில் அப்படித்தான் சொல்வார்கள், ஜப்பானில் இனாரி. பொரித்த டோஃபு (சோயா பனீர்) பையில் புளிப்பும் இனிப்புமாகச் சாதம் அடைத்தது. ஒகாசுயா என்று சின்னப் பலகாரக் கடைகள் இருக்கின்றன, காலையில் திறந்து மதியத்துக்குள் மூடிவிடுவார்கள், அங்கே கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த டோஃபு பையைப் பல இடங்களில் தாஷி என்ற சாற்றில் கொதிக்க வைப்பார்கள். தாஷி, காய்ந்த சூரைச் சீவலில் எடுப்பது. நம் மாசிக்கருவாடு இருக்கிறதே, அதன் உறவு. அதனால் 'மீன் இல்லையே' என்று கேட்டால் இல்லை என்பார்கள், 'தாஷி போட்டீர்களா' என்று கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாக்கி, அவகாடோ சுருள் இரண்டும் அத்தைக்குப் பாதுகாப்பு.

அஸ்தம்பட்டி

எல்லோருக்கும் நன்றி. நாகலூர் தம்பி, மேடை முன்னால் உட்கார்ந்து இப்படிக் கேள்வி கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா? எனக்கு இங்கிலீஷ் சுமார்தான்.

நாகலூர், ஏற்காடு

மாட்டார்கள் அக்கா. மேடையே அதற்குத்தான். "லோக்கல்? டுடே?" என்று மீனைக் காட்டினால் போதும். கூட்டம் குறைந்த நேரம், கடை திறந்த உடனே போய்விடுங்கள். சனிக்கிழமை ஏலத்துக்குப் பிறகு திங்கள்தான் அடுத்தது என்பதால் ஞாயிறு போகாமல் வாரநாளில் போனால் நல்லது.

அஸ்தம்பட்டி (திரும்பி வந்த பிறகு)

போன வாரம் சேலம் வந்து சேர்ந்தோம். பதினைந்தரை மணி நேர வித்தியாசம், தூக்கம் இன்னும் சரியாகவில்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு வகை அஹியும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி உடனே அறைக்குப் போய்ச் சாப்பிட்டோம். உறைந்தது நிறத்தில் அழகு, வாயில் பஞ்சு. புதியது கருஞ்சிவப்பு, பல்லுக்கு இதமாக வழுக்கிப் போனது. இரண்டிலும் ஒவ்வொரு துண்டு ஃப்ரிட்ஜில் மறந்துபோனது. மறுநாள் காலையில் பார்த்தால் புதியது பழுப்பாகியிருந்தது, மற்றது அதே ரோஸ் நிறம். மகள் இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை சாயங்காலம் கபஹுலு பக்கம் ஒரு சின்னக் கடை. மேடை முன்னால் எட்டு ஸ்டூல். சுவரில் அன்றைய மீன் பெயரைக் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலில் ஒரு தட்டு முட்டைச் சுஷி மட்டும் சொன்னேன். சாதத்தில் விரலை வைத்தேன், வெதுவெதுப்பு. தம்பி சொன்னது நினைவுக்கு வந்து அங்கேயே நிம்மதியாகிவிட்டது. அப்புறம் "லோக்கல்? டுடே?" என்றேன். அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. ஈரத்துணியில் சுற்றியிருந்த அஹிக் கட்டியை எடுத்து மகள் பக்கம் சாய்த்துக் காட்டினார். சதையில் வரி வரியாகக் கோடு. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் கத்தியை இழுத்தார், அறுக்கவில்லை. சாதத்தை உள்ளங்கையில் இரண்டு அழுத்து, மேலே மீன், சாஸை அவரே தூரிகையால் தடவி நேராக மகள் முன்னால் வைத்தார். கையால் எடுத்துச் சாப்பிடு என்று சைகை காட்டினார். அவள் வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். சாதம் வாயில் தானாக உதிர்கிறது அம்மா என்றாள். ஒன்பது சாப்பிட்டாள்!

அத்தைக்குக் கோன் சுஷி வாங்கப் போன ஒகாசுயாவில் தாஷி பற்றிக் கேட்டோம். போட்டிருக்கிறோம் என்று உண்மையைச் சொன்னார்கள். சூரமங்கலம் தங்கைக்குப் பெரிய நன்றி, அது தெரியாவிட்டால் அத்தை விரதம் கெட்டிருக்கும். வெள்ளரிக்காய்ச் சுருளும் எலுமிச்சை ஊறுகாயுமாக அத்தை சமாளித்துவிட்டார்.

குகை ஐயாவுக்கு: குக்கரும் எடுத்துப் போனோம். காலையில் ரசம் சாதத்துக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

இப்போது மகள் வீட்டில் அதே சாதம் வேண்டும் என்கிறாள். தம்பி, ஆத்தூர் கிச்சலிச் சம்பாவில் வருமா?

நாகலூர், ஏற்காடு

படித்து ரொம்ப சந்தோஷம் அக்கா. கிச்சலிச் சம்பா ஒட்டாது, உதிரியாக நிற்கும். அது நம் குழம்புக்கே இருக்கட்டும். குட்டை ரக ஜப்பானிய அரிசிதான் வேண்டும், பெங்களூரில் கிடைக்கும். கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இரண்டு கப் அரிசிக்குக் கால் கப் அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. சாதம் ஆவி பறக்கும்போதே ஊற்றி, கரண்டியை வெட்டுகிற மாதிரி போட்டுக் கிளறுங்கள், மசிக்காதீர்கள். பக்கத்தில் மகளை விசிறச் சொல்லுங்கள். ஈரத்துணி போட்டு மூடி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.