கண்டல் கன்று நிதி: முதலில் முகத்துவாரத்தைப் பார்ப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் கண்டல் (அலையாத்தி மரம்) கன்று நட வசூல் செய்யலாம் என்ற செயலாளர் அண்ணன் மடலைப் படித்தேன். நம் பழவேற்காட்டுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் உண்டு. ஆனால் கன்றுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது, ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம். அது மணலால் தூர்ந்து கிடக்கிறது.

போன மே மாதம் ஊருக்கு வந்தபோது அப்பாவோடு அங்கே போனேன். படகு ஓட வேண்டிய இடத்தில் முழங்கால் தண்ணீர். நான்கு பேர் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளினோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். தூசி போன்ற குஞ்சு, கடல் தண்ணீர் ஏறும்போது அதோடு ஏரிக்குள் வந்து வளர்கிறது. பெரிதானதும் கடலுக்குத் திரும்புகிறது. வாய் அடைத்துக்கொண்டால் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. ஆரணியாறும் காளங்கியும் வறண்டு கிடக்கும் கோடையில் ஏரி வற்றி, கடலைவிட உப்பு ஏறிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் எத்தனை கன்று பிழைக்கும்?

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் முன்பு இதே கதிதான். அங்கே ஆய்வு செய்து, 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்னாகச் சரிந்திருந்த மீன்பாடு இரண்டே ஆண்டில் 12,000 டன்னை நெருங்கியது.

இன்னொன்று. கன்று நடத் தோதாகத் தெரிகிற அந்தச் சேறு சும்மா கிடக்கிற இடம் இல்லை. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்வது அங்கேதான். இருளர் வீட்டு அக்காக்கள் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிப்பதும் அங்கேதான். அதை வேலி போட்டு அடைக்க எனக்கு மனமில்லை. நட்டே ஆக வேண்டும் என்றால், முன்பு கண்டல் இருந்து அழிந்த ஓடைக்கரை எது என்று பெரியவர்களிடம் கேட்டு அங்கே நடுவோம்.

முகத்துவாரத்தில் அலைத் தடுப்புச் சுவர் வேலையை அரசு எடுத்திருக்கிறது. சரி, சுவர் வந்தாலும் மணல் ஓயாது, தூர் வார வேண்டியிருக்கும். எந்த மாதம் எவ்வளவு தூர்ந்தது என்று காட்ட நம்மிடம் ஒரு நோட்டுகூட இல்லை. ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆழமும் உப்பும் அளந்து எழுதச் சொல்லலாம். அன்று மீன்பிடிக்கப் போனவர்களிடம் என்ன கிடைத்தது என்றும் கேட்டு எழுதட்டும். அப்புறம் மனு கொடுக்கப் போகும்போது கையில் கணக்கு இருக்கும்.

உப்பு அளக்கும் கருவியை நானே வாங்கிவிடுகிறேன். பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டுவருகிறேன்.