மாண்டலின் பிகினர்: டேப் போதுமா, நொட்டேஷன் படிக்கணுமா?

புது_மாண்டலின்:
மாண்டலின் ஆரம்பிச்சு கொஞ்ச மாசம் ஆச்சு, இதுவரைக்கும் டேப் பாத்துதான் வாசிக்கிறேன், நாலு கோடு போட்டு மேல ஃப்ரெட் நம்பர் இருக்கும்ல அது. தனியா வாசிச்சா பாட்டு வருது. ஃப்ரெண்டோட வயலின்கூட சேர்ந்தா ரெண்டாவது லைன்லயே ஆளுக்கொரு பக்கம் போயிடுறோம். அவன் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டுல எழுதுற மேற்கத்திய இசைக்குறிப்பு, அதைப் பாத்து வாசிக்கிறவன், நீயும் படிச்சுக்கோன்னு சொல்றான். 30 வயசுக்கு மேல இதை ஆரம்பிக்கணுமா, டேப்பே போதுமா?

அஞ்சு_கோடு:
கண்டிப்பா படிங்க ப்ரோ. வயலினுக்கும் மாண்டலினுக்கும் ஒரே ட்யூனிங், ஜி டி ஏ இ. அதனால வயலினுக்கு எழுதின பெரும்பாலான மியூசிக் அப்படியே உங்களுக்கும் ஆகும். பாக்னு பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் தனி வயலினுக்கு எழுதினதை அமெரிக்க மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி மாண்டலின்ல வாசிச்சு 2013ல ஆல்பமே போட்டிருக்கார். பயப்பட ஒண்ணுமில்ல, முதல்ல ஓப்பன் ஸ்ட்ரிங் (விரல் வைக்காம தட்டுற கம்பி) நாலும் அஞ்சு கோட்டுல எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க: டி வந்து கீழ் கோட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டு, ஏ ரெண்டாவது இடைவெளி, இ மேல கடைசி இடைவெளி, ஜி மட்டும் ரொம்ப கீழ, ரெண்டு குட்டிக் கோட்டுக்கும் அடியில. நடுவுல இருக்கிறத எண்ணிக்கலாம். 7வது ஃப்ரெட்டுக்கு வந்தா அடுத்த ஸ்ட்ரிங்கோட ஓப்பன் சத்தம்தானே, அதனால ஆரம்பத்துல படிக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான்.

காது_முதல்:
இதுல எனக்கு உடன்பாடு இல்ல. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1978ல குடிவாடா தியாகராஜர் உற்சவத்துல ஏறினப்போ வயசு 9. அவருக்கு சொல்லிக்கொடுத்த சுப்பராஜு மாண்டலின் வாசிக்கிறவரே கிடையாது, அவர் பாடுவார், இவர் கேட்டு வாசிப்பார். கமகத்தை, அந்த ஸ்வர அசைவை, எந்த அஞ்சு கோட்டுல எழுதுவீங்க? தம்பி, பேப்பரை மூடி வச்சுட்டு பாட்டை வாயால பாட வர்ற வரைக்கும் கேளுங்க, பாட வந்துட்டா கை தானா போகும்.

அஞ்சு_கோடு:
கமகம் எழுத வராதுங்கிறத ஒத்துக்கறேன் சார், ஆனா இவர் கர்நாடக சங்கீதமே கேக்கலயே, வயலின்காரரோட சேர்ந்து வாசிக்கணும்னுதான் கேக்கறார். நம்ம ஊர்லயே இளையராஜா ஸ்டாஃப் நொட்டேஷன்ல எழுதிக் கொடுக்க, மியூசிஷியன்ஸ் அதைப் பாத்துதானே வாசிக்கிறாங்க. முன்னபின்ன கேக்காத பாட்டை நாலு பேர் சேர்ந்து வாசிக்கணும்னா எழுத்து வேணும்.

தாளக்காரி:
ரெண்டு பேரும் சுருதியப் பத்தியே பேசறீங்க, அவர் பிரிஞ்சு போறது தாளத்துல. சாதாரண டேப்ல எந்த ஃப்ரெட்னு இருக்கும், எவ்வளவு நேரம் நிக்கணும்னு இருக்காது, ஆட்டோமேட்டிக்கா எல்லா நோட்டையும் ஒரே அளவுல தட்டிட்டே போவோம், அங்கதான் வயலின் ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்.

புள்ளி வச்ச குவார்ட்டர் நோட்டும் (ஒன்றரை பீட்) பின்னால ஒரு எய்ட்த் நோட்டும் (அரை பீட்) வருதுன்னு வைங்க. தகதிமின்னு சொல்லுங்க, ஒரு பீட்டுக்கு ரெண்டு எழுத்து. பிக் (கம்பியத் தட்டுற வில்லை) த-ல கீழ, க-ல மேல, தி-ல கீழ, மி-ல மேல. இப்ப த-லயும் மி-லயும் மட்டும் கம்பியத் தொடுங்க, நடுவுல ரெண்டும் காத்துல போகட்டும். கை நிக்கவே கூடாது, அதுதான் முக்கியம். 6/8 ஜிக் (ஒரு வகை டான்ஸ் ட்யூன்) வந்தா தகிட தகிட, கீழ-மேல-கீழ, மறுபடி கீழ-மேல-கீழ. நோட்டோட வால், புள்ளி இதெல்லாம் என்ன சொல்லுதுன்னு முதல்ல படிங்க, சுருதிப் பக்கம் அப்புறம் வரலாம்.

காது_முதல்:
அப்ப நான் சொன்னதுதானேம்மா, வாயால சொல்லிப் பழகுறது. இதுக்கு எதுக்கு பேப்பர்?

தாளக்காரி:
இல்ல சார். கேட்ட பாட்டுன்னா காது போதும். கேக்காத பாட்டுல எந்த எழுத்துல நிக்கணும்னு யார் சொல்லுவா? எழுதின தாளத்தைப் படிக்கத் தெரிஞ்சா போதும், டேப் நம்பருக்கு அடியிலயே வால் போட்ட டேப்பும் கிடைக்குது, அதுல ஆரம்பிச்சாக்கூட தப்பில்ல.

அஞ்சு_கோடு:
அதுல ஆரம்பிச்சா அதுலயே நின்னுடுவாங்க. நம்பர் பாத்து வாசிக்கிறவருக்கு தான் வாசிக்கிறது சி-யா எஃப்-ஆன்னே தெரியாது, கூட இருக்கிறவர் ஜி மேஜருக்கு மாத்தலாம்னா முழிப்பார். ரெண்டும் சேர்ந்தே படிக்கணும், தினம் நாலு பார் (தாளக் கட்டம்) போதும், புதுசா, மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 பீட்ல வச்சு.

புது_மாண்டலின்:
தாளக்காரி அக்கா, தகதிமி இப்பவே ட்ரை பண்ணேன், கை நிக்காம போனா த-வும் மி-யும் சரியா விழுது. ஒரு டவுட், ரெண்டு பீட், நாலு பீட் நீள நோட்டு வந்தா மாண்டலின் சத்தம் அதுக்குள்ள அடங்கிடுதே, வயலின் மாதிரி இழுக்க முடியாதே, ட்ரெமொலோ (ஒரே நோட்டை வேகமா திரும்பத் திரும்பத் தட்டுறது) போடணுமா?

தாளக்காரி:
டான்ஸ் ட்யூன்னா ஒரு தட்டு தட்டி விட்டுடுங்க, சத்தம் அடங்கினாலும் மனசுல எண்ணிட்டே இருங்க. மெதுவான இத்தாலியன் பாட்டுன்னா ட்ரெமொலோ, ஆனா கண்டபடி நடுக்காதீங்க, ஒரு பீட்டுக்கு நாலு தட்டுன்னு தகதிமிலயே ஆரம்பிச்சு அப்புறம் வேகம் கூட்டுங்க.

காது_முதல்:
அந்த நீள நோட்டை முதல்ல பாடிப் பாருங்க தம்பி, எங்க முடியணும்னு மூச்சே சொல்லும். பேப்பர் விஷயத்துல நான் மாறல.