ஒளி பட்டதும் சிதையும் கேட்மியம் சல்ஃபைடு மின்வாய்

கேள்வி:
வணக்கம். என்-வகை (எலெக்ட்ரான்களே பெரும்பாலும் மின்னோட்டத்தைக் கடத்தும்) குறைக்கடத்தியான கேட்மியம் சல்ஃபைடு படலத்தைச் சோடியம் சல்ஃபேட் கரைசலில் வைத்து ஒளி பாய்ச்சினால், தொடக்கத்தில் நன்றாக இருக்கும் ஒளிமின்னோட்டம் விரைவிலேயே சரிகிறது. படலத்தின் மேல் மங்கலான பூச்சும் படிகிறது. இருட்டில் எடுத்த மாட்–ஷாட்கி வரைபடத்தின் (மின்தேக்குத்திறனின் இருமடியின் தலைகீழியை மின்னழுத்தத்துக்கு எதிரே வரைவது) சாய்வும் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

மறுமொழி 1:
படிவது பெரும்பாலும் கந்தகமே. ஒளியால் உருவாகும் துளைகளை (எலெக்ட்ரான் நீங்கிய, நேர்மின்சுமைபோல் நகரும் வெற்றிடங்களை) மேற்பரப்பின் மின்புலம் கரைசலை நோக்கித் தள்ளுகிறது. அங்கே எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் பொருள் எதுவும் இல்லாததால், அவை படிகத்தின் சல்ஃபைடு அயனிகளையே தாக்கி, கேட்மியம் அயனிகளைக் கரைசலில் விடுகின்றன. காரத்தன்மையுள்ள சல்ஃபைடு–பாலிசல்ஃபைடு கரைசலுக்கு மாறினால், துளைகளைக் கரைசலில் உள்ள சல்ஃபைடு அயனிகள் ஏற்றுக்கொள்ளும். படலம் நெடுநேரம் தாங்கும். அதில் அமிலம் மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும்.

மறுமொழி 2:
சாய்வு மாறுவதைத் தனியாகப் பார்ப்பதே நல்லது. இருட்டில் எடுத்த அளவீடு என்பதால், மேற்பரப்பு ஆற்றல் நிலைகள், படலத்தின் சொரசொரப்பு ஆகியவற்றின் மீதே என் ஐயம் செல்கிறது. சாய்வு நிலையாக இல்லாதபோது அதிலிருந்து கொடையணு (எலெக்ட்ரான் வழங்கும் அணு) அடர்த்தியைக் கணக்கிடுவது சரியன்று. மேலும், சல்ஃபைடு அயனிகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு தட்டைப்பட்டை மின்னழுத்தத்தை (மேற்பரப்பில் ஆற்றல் பட்டைகள் வளையாமல் இருக்கும் மின்னழுத்தத்தை) எதிர்மின் (நெகட்டிவ்) திசைக்கு நகர்த்துவதால், பழைய கரைசலில் பெற்ற மதிப்பைப் புதிய கரைசலுக்குப் பயன்படுத்த இயலாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாலிசல்ஃபைடு கரைசலின் மஞ்சள் நிறம் ஒளியை விழுங்கிவிடாதா?

மறுமொழி 1:
நீல ஒளியை விழுங்கும். கேட்மியம் சல்ஃபைடின் பட்டை இடைவெளி (எலெக்ட்ரானை விடுவிக்க ஒளிக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறத்தாழ 2.4 எலெக்ட்ரான் வோல்ட் என்பதால், அதற்குத் தேவையானதும் அந்த ஒளியே. ஆகவே சாளரத்துக்கும் மின்வாய்க்கும் இடையிலுள்ள கரைசல் அடுக்கை இயன்றவரை மெல்லியதாக வையுங்கள்.