ஹை பீம் போட்டா லோ பீமும் சேர்ந்து எரியுது, ஆரும் வழி சொல்லுங்கோ

பழைய டொயோட்டா, ஹெட்லைற்றில எச்4 (ஹைக்கும் லோவுக்கும் ரெண்டு இழை உள்ள) 60/55 வாட் பல்ப். என்ஜின் ஓடேக்க பற்றரியில 14.1 வோல்ற், பல்ப் சொக்கெற்றில 12.0 தான். வெளிச்சம் அரைவாசிக்குக் கொஞ்சம் மேல. மாங்குளம்–முல்லைத்தீவு றோட்டில எருமை கிட்ட வந்தாப்பிறகுதான் கண்ணுக்குப் படும்.

அதால பற்றரியிலயிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்து, லோவுக்கும் ஹைக்கும் தனித்தனி 40 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச்), 15 ஆம்பியர் பியூஸ். இந்தக் காரில சுவிச் எர்த்தைத்தான் வெட்டுது. எனவே ரிலே கொயிலின்ர ரெண்டு முனையில 86 பழைய பிளக்கின்ர பொதுப் பின்னுக்கு, 85 லோ, ஹை பின்னுகளுக்கு. இப்ப சொக்கெற்றில 13.6.

சிக்கல்: ஹைக்கு மாத்தினாலும் லோ ரிலே விடுதில்லை. ரெண்டு இழையும் எரிஞ்சா ஒரு பல்பில 115 வாட், சொக்கெற் உருகும். ஹை பீம் எரியுதெண்டு காட்டுற டாஷ்போர்ட் நீல லைற் லோ, ஹை வயருகளுக்கு நடுவில இருக்கு. முந்தி பல்ப் இழையால போன கரண்ட் இப்ப ரிலே கொயிலுக்குள்ளால போய் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு.

அந்தக் கரண்ட் கொயிலைத் தவிர்த்துப் போக லோ கொயிலுக்குச் சமாந்தரமா 22 ஓம் 25 வாட் ரெசிஸ்ரர் போடுறதோ, நீல லைற்றைக் கழற்றி ஹை ரிலே 87க்கு (பல்புக்குப் போற முனைக்கு) குடுக்கிறதோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ. எல்ஈடி போடச் சொல்லாதேங்கோ, இந்த ரிஃப்ளெக்ரரில எதிர வாறவன்ர கண்தான் கூசும்.