சர்க்கரை உள்ள பூனை, வாந்தி பெரிதாக இல்லை, சாப்பாடும் இல்லை: கணைய அழற்சியாக இருக்குமா?

மொட்டுவீடு:

எங்கள் மொட்டுவுக்கு 11 வயது, ஆண், 5.8 கிலோ. ஒன்றரை வருடமாகச் சர்க்கரை நோய். காலை 7, இரவு 7 என்று கிளார்ஜின் இன்சுலின் 2 யூனிட் போடுகிறேன். இத்தனை நாளும் 120-க்கும் 250-க்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த சர்க்கரை, பத்து நாளாக 400-ஐ விட்டு இறங்க மறுக்கிறது.

முந்தாநாளிலிருந்து சாப்பாடும் சரியில்லை. தட்டுச் சத்தம் கேட்டதும் வருகிறான், முகர்கிறான், உதட்டை நக்கிக்கொள்கிறான், திரும்பிப் போய்க் குளியலறைத் தரையில் குந்திக்கொள்கிறான். வாந்தி ஒரே ஒரு தடவை, வெறும் நுரை. ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற செரிமான நொதிகள் இரண்டும் நார்மல். ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் டாக்டர் கணைய அழற்சி என்று சந்தேகப்பட்டு இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வயிற்றைத் தொட்டால்கூடக் கத்தவில்லையே, பிறகு எப்படிக் கணையம்?

இன்சுலினைக் கூட்டுவதா, நிறுத்துவதா? சாப்பிடாததால் இன்று காலை ஊசி போடவில்லை.

வாலாட்டி:

எங்கள் நாய்க்கு இது வந்தபோது இரண்டு நாள் பட்டினி போட்டு, அப்புறம் கொழுப்பில்லாத உணவு கொடுத்தோம். சரியாகிவிட்டது. அதையே செய்து பாருங்களேன்.

மூன்றுமணிக்காரி:

மொட்டுவீடு, இதைப் படித்து முடிக்கும் முன்பே டாக்டருக்குப் போன் போடுங்கள். சர்க்கரை 400, சாப்பாடு இல்லை, இன்சுலினும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்தே ஆகவேண்டும், இன்றைக்கே. பேசிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

வாலாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள், பூனையைப் பட்டினி போடவே கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைந்துவிடும், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். கொழுப்பு குறைந்த உணவு என்பதும் நாய்க்குச் சொல்வது. பூனைக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எதைச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுக்கவேண்டியதுதான்.

என் செம்பிக்கு இப்போது 15 வயது. சர்க்கரை முதலில் வந்தது, தைராய்டு (அளவுக்கு மீறிச் சுரப்பது) பிறகு வந்து சேர்ந்தது, நடுவில் மூன்று முறை கணையம். முதல் முறை நான் செய்த தப்பை நீங்களும் செய்யப்போகிறீர்களோ என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சர்க்கரை ஏறியது. நான் டோஸை ஏற்றினேன். 2, பிறகு 2.5, பிறகு 3.5. டாக்டரிடம் கேட்டுத்தான் ஏற்றினேன், ஆனால் அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாகச் சாப்பிடுகிறாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே! தட்டில் மிச்சம் இருந்தால் ‘சூடு அதிகம் போல’ என்று நினைத்துக்கொண்டேன். கணையம் வீங்கியிருக்கும்போது உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாது, அதனால் 3.5 போட்டும் எண் அசையவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் வீக்கம் தானாக அடங்கியது. அடங்கியதும் அதே 3.5 அவளுக்கு விஷமாகிவிட்டது. ராத்திரி மூன்று மணிக்கு ஏதோ இடிக்கிற சத்தம். எழுந்து போனால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, பின்னங்கால் விலகி விலகி நடக்கிறாள். மீட்டரில் 42. சர்க்கரைப்பாகை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். என் கை நடுங்கியதில் பாதி அவள் காதில். தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடினோம்.

அதனால் நன்றாக இருந்த சர்க்கரை திடீரென்று கட்டுமீறினால் நான் இப்போது முதலில் பார்ப்பது ஊசியை இல்லை, பூனையை. கணையமா, பல்லா, சிறுநீர்த் தொற்றா என்று தேடச் சொல்வேன். எண்ணைத் துரத்திக்கொண்டு போனால் மூன்று மணிக்குத்தான் போய் நிற்போம்.

வலி பற்றிக் கேட்டீர்கள். செம்பி ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. முன்னங்கால் இரண்டையும் மடித்து மார்புக்கு அடியில் வைத்து, முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி உட்காருவாள். தூங்குகிறாள் என்றுதான் தோன்றும். காதைப் பாருங்கள், பக்கவாட்டில் விரிந்திருக்கும். உதட்டை நக்கிக்கொள்கிறான் என்கிறீர்களே, அது பசி இல்லை, குமட்டல். கணைய அழற்சி வந்த பூனைகளில் நிறையப் பேர் வாந்தியே எடுப்பதில்லை. சும்மா மந்தமாகி, சாப்பாட்டை விட்டுவிடும்.

தைராய்டு வந்தபோது இன்னொரு குழப்பம். எடை இறங்குது, வாந்தி எடுக்குது. இது தைராய்டா, அதற்குக் கொடுக்கும் மெத்திமசோல் மாத்திரையா, கணையமா? மூன்றுக்கும் ஒரே முகம். தைராய்டு மட்டும் என்றால் பெரும்பாலும் பசி கூடும், கணையம் என்றால் பசி போய்விடும். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு சமையல் தராசு வாங்கினேன். தட்டை வைக்கும்போது ஒரு எடை, எடுக்கும்போது ஒரு எடை, நோட்டில் எழுதிவிடுவேன். மூன்றாவது முறை கணையம் வந்தபோது 180 கிராம் 150 ஆகி, 110 ஆனது. சர்க்கரை ஏறியது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டரே அன்றைக்கே மருந்து தொடங்கிவிட்டார், மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அவசியமே வரவில்லை.

வீட்டிலும் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டை வாங்கி வையுங்கள். மணலில் உட்கார்ந்ததும் நீளக் கைப்பிடிக் கரண்டியைப் பின்னால் நீட்டிப் பிடிக்கவேண்டும், நனைத்துச் சரியாக 15 விநாடியில் நிறத்தைப் பார்க்கவேண்டும். முதல் நாள் செம்பி திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஊசிமருந்து:

கால்நடை மருத்துவர். மேலே சொன்னதோடு சில சேர்க்கிறேன்.

அமிலேஸ், லைபேஸ் சாதாரணப் பரிசோதனை பூனைக்கு உதவாது. உங்கள் டாக்டர் அனுப்பியிருப்பது பூனையின் கணைய லைபேஸை மட்டும் அளக்கும் பரிசோதனையாக இருக்கும். அதையும் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் கணைய அழற்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பூனைக்குக் கணைய நாளமும் பித்த நாளமும் ஒன்றாகச் சேர்ந்து குடலில் திறக்கின்றன. அதனால் கணையம், பித்தப்பாதை, குடல் மூன்றும் சேர்ந்து அழற்சி அடைவது உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதி, ஈறு, காது மடல் மஞ்சளாகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை என்றால் நீர்ச்சத்து ஏற்றுவது, குமட்டலுக்கு மாரோபிடன்ட், வலிக்கு ப்யூப்ரெனார்பின், உணவு. தானாகச் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ டியூப். அதைக் கடைசிக் கட்டம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பசி தூண்டும் மருந்துகளில் காப்ரோமொரெலின் சர்க்கரையை ஏற்றும், ஸ்டீராய்டும் அப்படியே. சர்க்கரைப் பூனை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். 2022 கடைசியிலிருந்து வந்த, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் பெக்ஸாகிளிஃப்ளோசின், வெலாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளுக்கு இவன் ஏற்றவன் இல்லை. அவற்றில் சர்க்கரை ஏறாமலேயே கீட்டோன் ஏறலாம். மனிதர்களின் பாராசிட்டமாலைத் தொடவே கூடாது, பூனையைக் கொன்றுவிடும்.

இன்சுலினை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சாப்பிடாத பூனைக்குப் பெரும்பாலும் குறைத்த அளவு கொடுப்போம், எவ்வளவு என்பதை அன்றைய சர்க்கரையைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

மொட்டுவீடு:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே கூட்டிப்போனோம், கீட்டோன் இருந்தது. சேர்த்துக்கொண்டு டிரிப் போட்டார்கள். லைபேஸ் ரிசல்ட்டும் அதிகமாக வந்தது, கணையமேதான். மூக்கு டியூப் போட்டார்கள். நேற்று சாயங்காலம் டியூபோடேயே தட்டில் வாயை வைத்தான், 35 கிராம். இப்போதைக்கு இன்சுலின் 1 யூனிட்.

தராசு வாங்கிவிட்டேன் அக்கா. குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டால் அதையும் சாப்பிட்ட கணக்கில் எழுதுவீர்களா?

மூன்றுமணிக்காரி:

எழுதுவேன். பக்கத்தில் ‘நக்கல் மட்டும்’ என்று ஒரு குறிப்பும் போடுவேன். செம்பிக்கு அந்தக் குறிப்பு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் டாக்டருக்குப் போன் போய்விடும்.