வர்க்கி பேக்கரிக் கூட்டுத் தகராறு: எவையெல்லாம் நடுவரிடம் போகும்?

கேள்வி (குன்னூர்):
வணக்கம். நானும் என் மைத்துனரும் பத்திரம் எழுதிக்கொண்டு, விறகு அடுப்பில் வர்க்கி சுட்டு விற்கும் பேக்கரியைக் கூட்டாக நடத்துகிறோம். சித்திரையிலிருந்து அவர் கணக்கு நோட்டைக் காட்டுவதில்லை. மைதா வாங்கியதாகச் சொல்லும் இரண்டு ரசீதுகளில் என் பெயரில் யாரோ கையெழுத்திட்டிருக்கிறார்கள். 'ழ'வின் வாலை நான் அப்படிச் சுழிப்பதில்லை. "எல்லாத் தகராறுகளையும் முதலாம் பங்குதாரர் நியமிக்கும் நடுவரே தீர்ப்பார்" என்கிறது பத்திரம். முதலாம் பங்குதாரர் அவர்தான். லாபப் பங்கு, கள்ளக் கையெழுத்து, கேத்தியில் மாமனார் விட்டுச்சென்ற தேயிலை நிலத்தில் என் மனைவியின் பாகம் ஆகிய மூன்றையும் ஒரே நடுவரிடம் கொண்டுபோகலாமா?

பதில் (உதகை, வழக்கறிஞர்):
"எல்லாத் தகராறுகளும்" என்று எழுதியிருந்தாலும் எல்லாமே நடுவரிடம் போய்விடாது. உங்கள் இருவரை மட்டும் கட்டுப்படுத்தும் உரிமைகளை நடுவர் தீர்க்கலாம்; குற்றத்துக்குத் தண்டனை, விவாகரத்து, திவால், உயில் செல்லுமா என்பது போன்றவற்றை அவர் தொட முடியாது. உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைப் பட்டியலிட்டது. 2020-இல் இன்னும் விளக்கியது.

ஆகவே லாபக் கணக்கு தாராளமாக நடுவரிடம் போகும். கள்ளக் கையெழுத்துக்குத் தண்டனை வேண்டுமென்றால் காவல் நிலையம்தான். ஆனால் அந்த ரசீதுகளால் உங்களுக்கு ஏற்பட்ட பண இழப்பை நடுவரே விசாரிக்கலாம். ஒரே குடும்பத்தினர் கூட்டாக நடத்திய ஹோட்டல் பற்றிய 2016 வழக்கில், மோசடி என்று சொன்ன மாத்திரத்தில் நடுவரின் அதிகாரம் போய்விடாது என்றே தீர்ப்பு வந்தது. பத்திரமே பொய் என்றால் கதை வேறு.

நிலத்தை இதில் கலக்காதீர்கள். உங்கள் மனைவி அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. வாரிசுகள் அனைவரும் தனியாக எழுதிக்கொடுத்தால் பாகப்பிரிவினையை நடுவரிடம் விடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. நடுவரை அவரே நியமிப்பதை நான் ஏற்கத்தான் வேண்டுமா? அவர் முந்திக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால்?

பதில் (உதகை, வழக்கறிஞர்):
ஏற்க வேண்டியதில்லை. தகராறின் முடிவில் அக்கறையுள்ளவர் தனியாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவருக்கும் பொதுவான ஒருவரைக் குறிப்பிட்டுப் மைத்துனருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அது கிடைத்து 30 நாளில் அவர் இணங்காவிட்டால், 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

அவர் வழக்குப் போட்டால், எதிர்வாதம் தாக்கல் செய்வதற்கு முன்பே பத்திரத்தை இணைத்து அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுங்கள். முதலில் எதிர்வாதத்தைப் போட்டுவிட்டுப் பிறகு நடுவரைக் கேட்டால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். நோட்டின் பக்கங்களை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.