மறு: கேஸ் கணப்பின் ‘வென்ட்’டுக்குச் சொல்

> டைரக்ட் வென்ட் = நேரடிப் புகைபோக்கி. இதுவே போதுமே?

போதாது ஐயா. கணப்பில் எரிந்த வளியை வீட்டுக்கு வெளியே விடுகிற வழிதான் வென்ட். ஃபயர்பிளேசுக்குக் ‘கணப்பு’ என்ற பழைய சொல்லை எடுத்துக்கொண்டது நல்ல பொருத்தம். ‘புகை’தான் உறுத்துகிறது. விறகு சரியாக எரியாவிட்டால் கண் கரிக்கும், எழுந்துபோய் ஜன்னலைத் திறப்போம். கேஸ் எரியும்போது அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கேஸில் சேர்க்கிற நாற்றம் கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும்.

2008 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், உட்ஸ்டாக் என்ற ஊரில், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்துபோனது. கேஸ் கணப்பின் வெளிவழி அடைத்திருந்தது. அவர்கள் பெயரால் 2013இல் ஹாக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம் வந்த பிறகுதான் அங்கே பழைய வீடுகளிலும் படுக்கையறைக்குப் பக்கத்தில் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானது. ‘புகையே இல்லையே, அப்புறம் என்ன?’ என்று யாரும் நினைக்க நம் சொல் இடம் கொடுக்கக்கூடாது.

ஆகவே வென்ட்டுக்கு ‘வளிபோக்கி’ என்று முன்மொழிகிறேன். ‘வாயுபோக்கி’ என்றால் வயிற்று மருந்து போல ஒலிக்கும்.

அடுத்து ‘நேரடி’. எது நேரடி என்பது அந்தச் சொல்லில் விளங்கவில்லை. டைரக்ட் வென்ட் வகையில் முன்கண்ணாடி இறுக்கமாக மூடியிருக்கும், அறைக்காற்று உள்ளே போகாது. வெளிக்குழல் வழியே வெளிக்காற்று வரும், அதனுள்ளே இருக்கிற குழல் வழியே எரிந்த வளி போகும். ‘குழலுள்குழல் வளிபோக்கி’ என்று சொல்லலாமா?

*

> குழலுள்குழல் வளிபோக்கி

வளிபோக்கி எனக்குச் சம்மதம் அண்ணா. ஆனால் குழலுள்குழல் எல்லா இடத்திலும் நிற்காது. பழைய விறகுக் கணப்பு இருந்த இடத்தில் கேஸ் கணப்பைச் செருகும்போது, பழைய செங்கல் புகைபோக்கிக்குள் இரண்டு வளையும் குழாய்களைத் தனித்தனியாக இறக்குவார்கள். ஒன்று காற்றை இழுக்க, மற்றது வெளியேற்ற. அதுவும் டைரக்ட் வென்ட்தான். ‘இருகுழல் வளிபோக்கி’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அறைக்காற்றையே எடுத்து எரிந்து கூரை வழியே விடுகிற பி-வென்ட்டை ‘ஒருகுழல்’ என்று பிரித்துவிடலாம். எரிந்ததை அறைக்குள்ளேயே விடுகிற வகை, கலிஃபோர்னியாவில் வீடுகளுக்குத் தடை செய்யப்பட்டது, ‘போக்கியிலி’. இந்தப் பெயரைக் கேட்டதுமே கொஞ்சம் பயம் வரும், வரட்டும்.

பராமரிப்புக் குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் போட்டுப் பார்த்தேன்:

“இருகுழல் வளிபோக்கியின் வெளிமுனையைப் பனியோ இலைச்சருகோ பறவைக்கூடோ அடைத்திருந்தால் கணப்பைப் பற்றவைக்காதீர்கள். முன்கண்ணாடியில் கரி படிந்தால் அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனை அழையுங்கள். உள்ளே அழகுக்கு வைத்திருக்கும் செயற்கை விறகுகள் இடம் மாறியிருந்தாலும் கரி படியும், நீங்களாக அடுக்காதீர்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு நாடா தளர்ந்திருக்கிறதா என்று ஆண்டுச் சோதனையில் கேளுங்கள்.”

சரளமாகத்தான் வருகிறது. குழல் சுவருக்கோ கூரைக்கோ வெளியே முடிகிற இடத்தில் உள்ள ‘டெர்மினேஷன் கேப்’புக்கு வேண்டுமென்றே ‘வெளிமுனை’ என்று போட்டேன். ‘மூடி’ என்று எழுதினால், குளிர் உள்ளே வராமலிருக்க அதை மூடிவைக்க வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொள்ளலாம்.